நார்போக் அண்ட் வெஸ்டர்ன் நீராவி எஞ்சின்கள்: பிடிவாதமா, கணக்கா?

ஒரு வாசகர் எழுதியது: "அமெரிக்காவின் பெரிய ரயில்வேக்கள் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, வர்ஜீனியாவின் நார்போக் அண்ட் வெஸ்டர்ன் மட்டும் 1960 வரை நீராவி எஞ்சினை விடவில்லை. கரி ஏற்றிப் பிழைத்த ரயில்வே அது. கரிச் சுரங்க முதலாளிகளைப் பகைத்துக்கொள்ள அதற்குத் துணிவில்லை. மற்றபடி அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. வெறும் பிடிவாதம்."

பிப்ரவரி 3, 2024

முதல் பாதி சரி. மேற்கு வர்ஜீனியாவின் போகாஹாண்டஸ் கரிவயல்தான் அந்த ரயில்வேயின் சோற்றுப்பானை. அங்கே ஏற்றிய கரி கிழக்கே நார்போக் துறைமுகத்துக்கும் மேற்கே ஒஹையோவுக்கும் போனது. எஞ்சினுக்கு வேண்டிய கரியும் வழியிலேயே மலிவாகக் கிடைத்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

"வெறும் பிடிவாதம்" என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். கரி ஏற்றிய ரயில்வேக்கள் அந்த நாட்டில் வேறும் இருந்தன. அவை முன்னதாகவே டீசலுக்குப் போய்விட்டன. இவர்கள் மட்டும் ஏன் நின்றார்கள்? இவர்களுடைய எஞ்சின்கள் உண்மையிலேயே ஈடுகொடுத்தன. ரோவனோக் நகரில் இருந்த சொந்தப் பணிமனையில் தங்கள் மலைக்கும் தங்கள் சுமைக்கும் ஏற்ப எல்லா எஞ்சின்களையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

மூன்று வகைகளைச் சொன்னால் போதும். பயணிகள் ரயிலுக்கு ஜே வகை, மொத்தம் 14. சமவெளியில் வேகமாகச் சரக்கு இழுக்க ஏ வகை, 43. மலையில் கரி இழுக்க ஒய்6 வகை, துணைவகைகளையும் சேர்த்து 81.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "எல்லா எஞ்சின்களையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள்" என்று எழுதிவிட்டேன். அப்படி இல்லை. பழைய எம் வகை எஞ்சின்களில் பல பால்ட்வின் நிறுவனத்தில் வாங்கியவை. ஒய்3 வகை முதல் உலகப்போரின்போது அரசு வகுத்த வடிவம். அதை வெளி நிறுவனங்கள்தான் கட்டிக் கொடுத்தன. ரோவனோக் செய்தது வேறு. வாங்கியதைப் பிரித்துப் பார்த்து, எங்கே உடைகிறது, எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்ததைத் தானே கட்டியது. ஒய்3, ஒய்4, ஒய்5, ஒய்6 என்று வரிசையாகப் படித்தால் ஒரே ஆள் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பது போல இருக்கும். 1880களில் தொடங்கிய அந்தப் பணிமனை 1953 வரை 447 நீராவி எஞ்சின்களைக் கட்டியது.

பிப்ரவரி 4, இரவு

ஒய்6 பற்றிக் கேட்டிருக்கிறார்கள். விளக்கமாகவே சொல்கிறேன், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின்.

நீளமான ஒரே கொதிகலன். அதன் அடியில் இரண்டு சக்கரத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் எட்டு இயக்குச் சக்கரங்கள். பின்தொகுதி கொதிகலனோடு இறுக்கப்பட்டது. முன்தொகுதி வளைவுக்கு ஏற்பத் தனியாகத் திரும்பும். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் பின்தொகுதியின் 25 அங்குலச் சிலிண்டருக்குள் போய்த் தள்ளுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் முன்னால் உள்ள 39 அங்குலச் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைந்த நீராவி அதே அளவு தள்ள வேண்டுமானால் பரப்பு பெரிதாக வேண்டும். அதனால்தான் முன்சிலிண்டர் அண்டா போல இருக்கிறது. இதற்கு மாலே முறை என்று பெயர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த அனத்தோல் மாலே கண்டது. ஊட்டி மலை ரயிலின் பழைய எஞ்சினும் இரட்டை விரிவு எஞ்சின்தான். பல்சக்கரப் பகுதியில் ஏறும்போது முதல் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி இரண்டாவது சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அளவுதான் யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உள்ள தூரம்.

சுமையோடு கிளம்பும்போது மட்டும் ஒய்6-இன் நான்கு சிலிண்டர்களுக்கும் புது நீராவியைத் திறந்துவிடலாம். அப்போது இழுவிசை 1,52,000 பவுண்டு. நகரத் தொடங்கியதும் இரட்டை விரிவுக்கு மாற்றினால் சுமார் 1,27,000. மற்ற அமெரிக்க ரயில்வேக்கள் "இந்த முறை மெதுவானது, பழையது" என்று கைவிட்ட பிறகும் ரோவனோக் இதைச் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடைசி ஒய்6பி கட்டப்பட்டது 1952-இல்.

பிப்ரவரி 7

நேரில் பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு: பார்த்திருக்கிறேன். 2017 மே மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வர்ஜீனியாவில்தான் இருக்கிறார்கள். ரோவனோக்கில் உள்ள வர்ஜீனியா போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அப்போது ஜே 611, ஏ 1218, ஒய்6ஏ 2156 மூன்றும் அங்கேதான் இருந்தன. 2156 செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். சில ஆண்டுகளுக்கு இரவலாக வந்திருந்தது. மூன்று வகைகளிலும் எஞ்சியிருப்பவை இந்த ஒவ்வொன்று மட்டும்தான். 14-இல் ஒன்று, 43-இல் ஒன்று, 81-இல் ஒன்று.

ஆறு வயதுப் பேரன் 2156-இன் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் சுற்றி வந்து, "தாத்தா, இது பூரான் எஞ்சின்" என்றான். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒய்6-க்கு அதுதான் பெயர். மாலேயே கேட்டிருந்தாலும் மறுத்திருக்கமாட்டார்.

மறுநாள் ரோவனோக்கிலிருந்து லிஞ்ச்பர்க் போகும் 611 சிறப்பு ரயிலைப் பார்க்க புளூ ரிட்ஜ் ஏற்றத்தில் போய் நின்றோம். ஏறத்தாழ 83 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். கார் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கரி ரயிலுக்கு அது சுவர். அந்தக் காலத்தில் கிழக்கே போகும் கரி ரயிலுக்கு முன்னால் இரண்டு எஞ்சின்கள், பின்னால் தள்ள ஒரு ஒய்6 என்று போட்டுத்தான் ஏற்றினார்கள். 611 வந்தபோது முதலில் மூன்று சுரம் கலந்த ஊதல் கேட்டது. பிறகு காலடியில் மண் அதிர்ந்தது. எஞ்சின் கண்ணில் பட்டது அதற்கும் பிறகு. நான் 11 ஆண்டுகள் ஒரு சர்க்கரை ஆலையின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவன். நீராவியின் சத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அது ஒரே இடத்தில் நிற்கும் சத்தம். இங்கே அதே சத்தம் மலை ஏறி வந்தது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன் என்பது வீட்டுக்கு வந்து அவள் சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி 8

ஜே வகையின் வேகம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: மணிக்கு 110 மைல். ஆனால் அது சொந்தப் பாதையில் அல்ல. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் 610-ஐ பென்சில்வேனியா ரயில்வேக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே சமவெளியில் 15 பெட்டிகளோடு ஓடியது. இயக்குச் சக்கரத்தின் விட்டம் 70 அங்குலம்தான். அந்த வேகத்துக்கு மற்றவர்கள் 80 அங்குலம் போட்டார்கள். மலை ஏற வேண்டும் என்பதற்காகச் சின்னச் சக்கரம் வைத்துவிட்டு, எடை குறைந்த இணைப்புத் தண்டுகள், எல்லா அச்சிலும் ரோலர் பேரிங், நுணுக்கமான எடைச் சமன் என்று ஈடுகட்டினார்கள். சின்னச் சக்கரம் அந்த வேகத்தில் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 12

நான்கு நாள்களாக ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் குறிப்பில் எஞ்சின்களின் பெருமையைச் சொன்னேன். சொல்ல வேண்டியது அது மட்டும் இல்லை. ஷெட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

நீராவி எஞ்சினின் பெரிய குறை ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். சாம்பலைத் தட்ட வேண்டும், உலையைச் சுத்தம் செய்ய வேண்டும், கரியும் தண்ணீரும் மணலும் நிரப்ப வேண்டும், நூற்றுக்கணக்கான இடங்களில் எண்ணெயும் கிரீஸும் வைக்க வேண்டும். பல ரயில்வேக்களில் இதற்கே அரை நாள் போய்விடும். டீசல் வென்ற இடம் இதுதான். பத்து நீராவி எஞ்சின்கள் இருந்தால் அவற்றில் நான்கோ ஐந்தோ ஏதாவது ஒரு குழியின் மேல் நின்றுகொண்டிருக்கும்.

நார்போக் அண்ட் வெஸ்டர்ன் இதைத்தான் கையில் எடுத்தது. ரோவனோக்கின் ஷாஃபர்ஸ் கிராசிங்கிலும் முக்கியமான மற்ற ஷெட்டுகளிலும் 'லூப்ரிடோரியம்' என்ற புதுக் கட்டடங்களைக் கட்டியது. எஞ்சின் உள்ளே வரும். இரு பக்கமும் ஆட்கள் தயாராக இருப்பார்கள். அழுத்தக் குழாய் வழியாக எண்ணெயும் கிரீஸும் வரும். குழிக்குள் வெளிச்சம் இருக்கும். மழையோ பனியோ வேலை நிற்காது. சுமார் ஒரு மணி நேரத்தில் எஞ்சின் மறுபடி ரயிலில் மாட்டத் தயார். ஜே வகையில் 220 இடங்களுக்கு ஓடும்போதே எண்ணெய் தானாகப் போய்ச் சேரும் பம்பு அமைப்பு இருந்தது. அதனால்தான் மாதத்துக்கு 15,000 மைல் அவற்றால் ஓட முடிந்தது.

இது ஏன் என் மனதைப் பிடித்துக்கொண்டது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆலையில், கொதிகலனுக்குக் காற்றுத் தள்ளும் விசிறியின் உள்பக்கத் தாங்கிக்கு கிரீஸ் வைக்கும் முனை கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஒரு காப்புத் தகட்டைக் கழற்றினால்தான் எட்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் வைக்க வேண்டும் என்று பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டில் வைத்ததாகவும் எழுதியிருந்தது. அரவைப் பருவத்தின் நடுவில் ஓர் இரவு அந்தத் தாங்கி இறுகி, தண்டு நீலம் பாரித்துப் போனது. 14 மணி நேரம் ஆலை நின்றது. கரும்பு லாரிகள் சாலை வரை வரிசையில் நின்றன. முனையை வெளியே கொண்டுவர ஒரு குழாய் நீட்டினால் போதும் என்று நாங்கள் இரண்டு பருவமாகக் கேட்டிருந்தோம். செலவு என்று தள்ளிவைத்தார்கள்.

அந்த ஒரு முனையை வைத்துப் பார்த்தால் 220 முனைகள் என்பது எனக்கு வெறும் எண் அல்ல. ரோவனோக்கில் யாரோ ஒருவர் ஒவ்வொரு முனையின் முன்னாலும் நின்று, "இது கைக்கு எட்டுமா? மழைநாள் இரவில், கையுறையோடு எட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை என்றால் குழாய் நீட்டியிருக்கிறார். அதற்குப் பெயர் பிடிவாதமா?

பிப்ரவரி 13

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 13,000 டன்னுக்கு மேல் கரி ஏற்றிய ரயிலைத் தண்ணீருக்காக நடுவழியில் நிறுத்தினால், மறுபடி கிளப்புவதற்குள் அந்த நாளின் கணக்கே கலைந்துவிடும். 1950களில் எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீருக்கென்றே இன்னொரு தொட்டி வண்டியை மாட்டினார்கள். அதே சிந்தனைதான். நிற்கும் நேரத்தைக் கொல்வது.

பிப்ரவரி 15

1952 பந்தயத்தில் நீராவி உண்மையிலேயே டீசலைத் தோற்கடித்ததா என்று ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அந்த ஆண்டு நான்கு யூனிட் சேர்த்த எஃப்7 டீசலைக் கொண்டுவந்து ஏ, ஒய்6பி எஞ்சின்களோடு ஒரே பாதையில், ஒரே மாதிரிச் சுமையில் ஓட்டிப் பார்த்தார்கள். இழுத்த எடை, எடுத்த நேரம், எரிபொருள் செலவு மூன்றிலும் ஏறத்தாழச் சமம். நீராவியை நேசிப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் கொடியாகப் பிடிக்கிறோம்.

என் இரண்டாவது யோசனை இது. பந்தயத்தில் இறங்கியவை நீராவியில் மிகச் சிறந்தவை. அதே நாளில் அதே ரயில்வேயின் கிளைப்பாதைகளில் 1906, 1907-இல் பிறந்த எம் வகைக் கிழவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை பந்தயத்தில் இல்லை. கொதிகலனைப் பிரித்துக் குழாய் மாற்றும் கூலியும் ஒரு பயணத்தின் செலவுக் கணக்கில் முழுதாகத் தெரியாது. கொதிகலன் பிரிவில் இருந்தவன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆகவே "டீசலைத் தோற்கடித்தது" என்று எழுதாதீர்கள். "ஈடுகொடுத்தது" என்பதே சரி, அதுவே பெரிது.

பிப்ரவரி 15, மறுபடியும்

ஒன்றை மறந்துவிட்டேன். எல்க்ஹார்ன் ஏற்றத்தில் 1915 முதல் மின்சார எஞ்சின்களை ஓட்டினார்கள். செங்குத்தான ஏற்றமும் புகை நிறைந்த சுரங்கப்பாதையும்தான் காரணம். 1950-இல் ஏற்றம் குறைந்த புதிய சுரங்கப்பாதை திறந்ததும் மின்கம்பிகளைக் கழற்றிவிட்டு நீராவிக்குத் திரும்பினார்கள். மின்சாரத்தை அகற்றிவிட்டு நீராவி வந்த பாதை, அதுவும் 1950-இல்!

பிப்ரவரி 20

'ஜான் ஹென்றி' எஞ்சினைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். எழுதவே மனம் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எண் 2300, 1954-இல் பால்ட்வின்-லிமா-ஹாமில்டன் கட்டியது. கரியை எரித்து, சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தத்தில் நீராவி எடுத்து, டர்பைனைச் சுழற்றி, மின்சாரம் உண்டாக்கி, மோட்டாரால் சக்கரத்தை ஓட்டுவது. கரிப்பெட்டி முன்னால், தண்ணீர் வண்டி பின்னால். மொத்தம் 161 அடி நீளம். கரியையும் விடாமல் டீசலின் நன்மையையும் பெற்றுவிடலாம் என்பது எண்ணம். சுமையை நன்றாகவே இழுத்தது. ஆனால் கரித்தூளும் தண்ணீரும் மோட்டார்களுக்குள் புகுந்து தொல்லை கொடுத்தன. 1958 தொடக்கத்தில் ஓரங்கட்டினார்கள், பிறகு உடைத்துவிட்டார்கள்.

நீராவித் துளைக்கருவியோடு போட்டியிட்டு, சம்மட்டியால் பாறையைத் துளைத்து வென்று, அதே இடத்தில் உயிர்விட்ட கறுப்பினத் தொழிலாளி என்று மக்கள் பாடும் ஜான் ஹென்றியின் பெயர் அது. நீராவிக்கு எதிராக நின்றவன் பெயரை நீராவியின் கடைசி முயற்சிக்கு வைத்தார்கள். யார் வைத்தார்களோ, அவர்களுக்கு முடிவு தெரிந்திருக்குமோ என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 21

அப்படியானால் எது கொன்றது? எஞ்சின் அல்ல. தனிமை. மற்ற ரயில்வேக்கள் எல்லாம் டீசலுக்குப் போன பிறகு, நீர் ஊட்டும் பம்பு, அளவி, வால்வு என்று உதிரிபாகம் செய்த நிறுவனங்களுக்கு மீதம் இருந்த பெரிய வாடிக்கையாளர் இந்த ஒரு ரயில்வேதான். விலை ஏறியது, சில பொருள்கள் கிடைக்கவே இல்லை. 1955-இல் முதல் டீசல்கள் வந்தன. 1958-இல் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் தலைவரானதும் மாற்றம் வேகம் பிடித்தது. பயணிகள் ரயில்களுக்கு வேறு ரயில்வேக்களிடமிருந்து டீசலை வாடகைக்கு எடுத்து ஜே எஞ்சின்களை இறக்கினார்கள். 611-க்கு அப்போது வயது எட்டு. 1960 மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது.

முதல் வாசகருக்கு: கரி முதலாளிகளைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணம் 1960-இலும் இருந்தது. அப்படியும் நீராவி நின்றுவிட்டது.

பிப்ரவரி 22

611 எப்படித் தப்பியது என்ற கேள்விக்கு. 1956 ஜனவரி 23 அன்று 'போகாஹாண்டஸ்' என்ற பயணிகள் ரயிலை இழுத்து வந்தபோது மேற்கு வர்ஜீனியாவில், டக் ஆற்றங்கரை வளைவில் தடம்புரண்டு கவிழ்ந்தது. ஓட்டுநர் இறந்தார். எஞ்சினை மீட்டு, முழுதாகப் பழுதுபார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்தபோது இதுதான் நின்றது. புகைப்படக்காரர் வின்ஸ்டன் லிங்க், உடைப்பதற்குப் பதிலாகத் தானே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முன்வந்தார். 1962-இல் ரோவனோக் நகருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் உயிரைக் கொண்டுபோன விபத்துதான் எஞ்சினைக் காப்பாற்றியது. புளூ ரிட்ஜில் நின்றபோது எனக்கு இது தெரியாது.

லிங்க் யார் என்பவர்களுக்கு: நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்தவர். 1955 முதல் தன் சொந்தச் செலவில் வந்து, இரவில் பல்புகளைக் கம்பியால் இணைத்து, எஞ்சின் கடக்கும் கணத்தில் மொத்தமாக மின்ன வைத்துப் படம் பிடித்தார். 1956 ஆகஸ்ட் 2-இல் ஈகர் என்ற ஊரில் திறந்தவெளித் திரையரங்கின் பின்னால் ஏ 1242 பாய்ந்து போகும் படம் உலகப் புகழ் பெற்றது. 43 பல்புகள். அந்த வெளிச்சத்தில் திரை வெளுத்துவிட்டது; அதில் தெரியும் விமானத்தைப் பிறகு பிரதியில் சேர்த்தார். ரோவனோக்கின் பழைய ரயில் நிலையத்தில் இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

மார்ச் 2

ரோவனோக் கடைசியாகக் கட்டிய நீராவி எஞ்சின் எது என்று கேட்டவருக்கு: ஷண்டிங் எஞ்சின், எஸ்1ஏ வகை, எண் 244, 1953 டிசம்பர். 1950-இல் செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே டீசலுக்கு மாறியபோது இரண்டே வயதான 30 ஷண்டிங் எஞ்சின்களை விற்றது, இவர்கள் வாங்கினார்கள். பிடித்துப்போய், அதே மாதிரியில் 45 கட்டிக்கொண்டார்கள். 244 ஏழு ஆண்டுகூட வேலை செய்யவில்லை.

ஆனால் நான் "கிழவிகள்" என்று எழுதிய எம் குடும்பத்தில் மூன்று, ரோவனோக்கின் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் உடைபடாமல் 2009 வரை கிடந்து பிழைத்துக்கொண்டன. சுற்றிலும் மரம் முளைத்திருந்தது.

மார்ச் 9

எம் 475 பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதையில் இருக்கிறது. 1906-இல் பிறந்தது, பன்னிரண்டு சக்கரம். பேரனுக்கு இப்போது 13 வயது. பூரானை அவன் மறக்கவில்லை. போன வாரம் அழைத்து, 475-இல் எண்ணெய் முனைகள் எத்தனை என்று கேட்டான். ஜூனில் போகிறேன், நாமே எண்ணிவிடலாம் என்றிருக்கிறேன்.